வயிறு சரியாக இருந்தவர்களிடம் என்ன கேள்வி?

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. போன மாதம் குலசாமிக்குக் கிடா வெட்டிப் பந்தி போட்டோம். கறிக்குழம்பைக் காலை 6 மணிக்கே இறக்கிவிட்டார்கள். சாமியாடி உத்தரவு கொடுக்கத் தாமதமாகி, முதல் பந்தி உட்காரும்போது மதியம் 2 மணி. அன்று ராத்திரி 11 மணிக்கு மேல் வீட்டுக்கு வீடு வயிற்று முறுக்கல், பேதி. வாந்தி அதிகமில்லை, காய்ச்சல் இல்லை. மறுநாள் சாயந்திரத்துக்குள் பெரும்பாலோருக்குச் சரியாகிவிட்டது. எச்.ஐ. (சுகாதார ஆய்வாளர்) வந்தார். மதுரையிலிருந்து எபிடெமியாலஜிஸ்ட் என்று, நோய் எதனால் பரவியது என்று துப்பறிகிற ஓர் அம்மா வந்தார். படுத்திருந்தவர்களைக் கேட்டது நியாயம். ஒன்றுமே ஆகாதவர்களையும் திண்ணையில் உட்காரவைத்து என்ன சாப்பிட்டீர்கள், தண்ணீர் எதில் குடித்தீர்கள் என்று கேட்டு எழுதினார். கறிதான் கெட்டது என்று பாதி ஊர் சொல்கிறது, லாரித் தண்ணீர் என்று மீதி ஊர், சாமி குத்தம் என்று பெரியவர்கள். நன்றாக இருப்பவனைக் கேட்டு என்ன தெரியப்போகிறது? என் மகள் எம்.பி.ஹெச். என்ற பொதுச் சுகாதார மேற்படிப்பு படிக்கிறாள், இந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். இதில் அப்படி என்ன இருக்கிறது? இன்னொன்று, அடுத்த மாதம் ஒரு காதுகுத்து வருகிறது. அதே சமையல்காரரைக் கூப்பிடலாமா?

(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த அம்மா உங்கள் ஊரில் செய்த வேலையிலேயே உருப்படியான வேலை, நன்றாக இருந்தவர்களை உட்காரவைத்துக் கேட்டதுதான்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பந்தியில் உட்கார்ந்தவர்கள் 120 பேர், பேதியானவர்கள் 39 பேர். அந்த 39 பேரை மட்டும் கேட்டால் 36 பேர் கறி சாப்பிட்டோம் என்பார்கள். கறிதான் என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் கிடா விருந்துக்கு வந்தவர் கறி சாப்பிடாமல் வேறு எதற்கு வந்தார்? நன்றாக இருக்கிற 81 பேரிலும் பெரும்பாலோர் கறி சாப்பிட்டவர்களே. அவர்களையும் எழுதினால்தான் கணக்கு நிமிரும். கறி சாப்பிட்டவர்கள் 90, அதில் பேதி 36, நூற்றுக்கு 40. சாப்பிடாதவர்கள் 30, அதில் பேதி 3, நூற்றுக்கு 10. நான்கு மடங்கு. இப்போது லாரித் தண்ணீரைப் பாருங்கள். குடித்தவர்கள் 80, அதில் பேதி 27, நூற்றுக்கு 34. குடிக்காமல் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்தவர்கள் 40, அதில் பேதி 12, நூற்றுக்கு 30. ஏறக்குறைய சமம். ஆக இந்தக் கணக்கில் தண்ணீர் விலகிக்கொள்கிறது, கறி நிற்கிறது. ஆபீஸில் இந்த நூற்றுக்கு இத்தனைக்கு அட்டாக் ரேட் என்று பெயர். நன்றாக இருந்தவர்களைக் கேட்காவிட்டால் 90, 30, 80, 40 என்ற நான்கு எண்ணும் கையில் இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லோரும் சாப்பிட்ட பொருளை இந்த முறையில் விசாரிக்கவே முடியாது. சோற்றை 120 பேரும் சாப்பிட்டிருந்தால், சாப்பிடாதவர் என்று ஒப்பிட ஆளில்லை. சோறு குற்றவாளியாக இருந்தாலும் தப்பித்துவிடும். அதனால்தான் நல்ல விசாரணையில் "சாப்பிட்டீர்களா" என்பதோடு நிற்காமல் எத்தனை கரண்டி, எந்தப் பந்தி, எந்த அண்டாவிலிருந்து என்றும் போவார்கள். இரண்டு கரண்டி வாங்கியவர்களுக்கு ஒரு கரண்டிக்காரர்களைவிட அதிகமாகப் போயிருந்தால் அதுவும் சாட்சிதான்.

கறி சாப்பிடாமலே பேதியான அந்த 3 பேர்? கறி வேண்டாம், குழம்பு மட்டும் போதும் என்றவர்களாக இருக்கலாம். கறிக்கரண்டியை ரசத்தில் விட்டிருக்கலாம். ஒருவருக்கு வேறு காரணத்தால் வயிறு போயிருக்கலாம். ஊரில் விருந்து இல்லாத நாளிலும் யாருக்கோ வயிறு போய்க்கொண்டுதான் இருக்கிறது. கணக்குச் சுத்தமாக வரவில்லையே என்று அந்த 3 பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது இந்த வேலையில் செய்யக்கூடாத காரியம்.

இன்னொரு சிக்கல்: கறிக்குழம்பு வாங்கியவர்களே ரத்தப் பொரியலும் வாங்கியிருப்பார்கள். எது என்று எப்படிப் பிரிப்பது? பொரியல் தொடாமல் குழம்பு மட்டும் சாப்பிட்டவர்களைத் தனியாக எடுக்க வேண்டும், குழம்பு இல்லாமல் பொரியல் மட்டும் தின்றவர்களைத் தனியாக எடுக்க வேண்டும். இரண்டாவது வகை ஆட்கள் ஐந்தாறு பேர் கிடைத்தாலே பெரிது. இவற்றை எல்லாம்விட நல்ல சாட்சி தூக்குவாளிதான். கோயிலுக்கே வராமல், வீட்டுக்குக் கொண்டுவந்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்ட பாட்டிக்கும் பேதி என்றால், அவர் லாரித் தண்ணீரைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அப்படி நாலு பாட்டி கிடைத்தால் வழக்கு பாதி முடிந்தது. அவர்களைத் தேடித்தான் அந்த அம்மா வீட்டு வாசல்களில் நின்றிருப்பார்.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. "கறி சாப்பிட்டீங்கள்ல?" என்று ஆரம்பித்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பந்தியில் வைத்த எல்லாவற்றையும் இலையில் வைத்த வரிசையிலேயே, நோயாளிக்கும் மற்றவருக்கும் ஒரே வார்த்தையில் கேட்க வேண்டும். மூன்று நாளுக்குள் கேட்க வேண்டும், அதற்குமேல் ஞாபகம் ஊர்ப்பேச்சோடு கலந்துவிடும். யாரை நோயாளி என்று எழுதுவது என்பதையும் முதலிலேயே முடிவுசெய்துவிட வேண்டும்: அந்த விருந்துச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அதற்கடுத்த மூன்று நாளில், 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனவர். "வயிறு ஒரு மாதிரியா இருந்துச்சு" என்பதையும் சேர்த்தால் எண்ணிக்கை ஏறும், வித்தியாசம் மங்கும். நேரம் கேட்டால் "ராத்திரிதான்" என்பார்கள். கடைசி பஸ் போன பிறகா, சேவல் கூவுவதற்கு முன்பா என்று கேட்டால் மணி வந்துவிடும். சாமி சாப்பாட்டில் குறை சொல்லலாமா என்ற தயக்கம் வேறு இருக்கும். அதனால்தான் எதனால் வந்தது என்று கேட்பதில்லை, என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்பார்கள்.

மணிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்? சாப்பிட்ட நேரத்துக்கும் பேதி தொடங்கிய நேரத்துக்கும் இடைப்பட்ட மணிக்கணக்கு, லேப் முடிவு வருவதற்கு முன்பே கிருமியின் சாதியைச் சொல்லிவிடும். 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி முந்திக்கொண்டு வந்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் நச்சு, பெரும்பாலும் சமைத்தவர் அல்லது பரிமாறியவர் கையில் சீழ்ப்புண். 12 முதல் 36 மணி கழித்துக் காய்ச்சலோடு என்றால் சால்மொனெல்லா. காலரா சில மணி நேரத்திலிருந்து 5 நாள் வரை இழுக்கும், அரிசி கழுவிய தண்ணீர் போலப் போகும், ஆள் சில மணியில் உலர்ந்துவிடுவார். நீங்கள் எழுதியிருப்பது 2 மணிப் பந்தி, 11 மணிப் பேதி. ஒன்பது மணி நேரம், முறுக்கல் அதிகம், வாந்தி குறைவு, காய்ச்சல் இல்லை, ஒரு நாளில் தீர்ந்தது. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் நடத்தை அப்படியே இதுதான். பாசில்லஸ் சீரியஸ் என்ற இன்னொரு கிருமி தரும் பேதியும் இதே மாதிரிதான் இருக்கும், ஆகவே உறுதி என்று எழுத மாட்டேன். கடைசிப் பந்தி 4 மணிக்கு என்றால் அவர்களுக்கு 4-இலிருந்துதான் எண்ண வேண்டும். எல்லோருக்கும் 2 மணி என்று போட்டால் கணக்கு இரண்டு மணி நேரம் பிசகிவிடும்.

லேபில் ஒன்றும் வளரவில்லை என்று உங்கள் ஊரில் பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் அப்படித்தான் வரும். முதலில் வருவது மருத்துவ முகாம். வந்ததும் மாத்திரை கொடுத்துவிடுவார்கள், மலம் எடுப்பது அதற்குப் பிறகு. ஆன்டிபயாட்டிக் விழுந்த வயிற்றில் கிருமி வளராததில் அதிசயமில்லை. முகாம் டாக்டரிடம், முதல் ஐந்தாறு பேருக்கு மாத்திரைக்கு முன் டப்பாவைக் கொடுங்கள் என்று சொல்லிவைப்பது பாதி வேலை. காலரா சந்தேகம் என்றால் மலம் தொட்ட பஞ்சுக் குச்சியை, கிருமியை உயிரோடு வைத்திருக்கும் கேரி பிளேர் ஊடகத்தில் வைத்து அனுப்ப வேண்டும். சாதாரண டப்பாவில் வெயிலில் கிடந்தால் கிருமி காய்ந்து செத்துவிடும். பெர்ஃப்ரிஞ்சன்ஸுக்கு இன்னும் கஷ்டம். காற்றில்லாமல் வளர்க்க வேண்டும், எண்ணவும் வேண்டும். உணவில் கிராமுக்கு ஒரு லட்சம் இருந்தால்தான் குற்றவாளி என்பார்கள். சும்மா இருந்தால் போதாது, அது நன்றாக இருக்கிற பலர் குடலிலும் கொஞ்சம் இருக்கிறது. அதற்குள் மிச்சக் குழம்பு நாய்க்குப் போய், அண்டாவும் புளி போட்டு விளக்கப்பட்டிருக்கும்.

லாரித் தண்ணீரோடு ஊர்க் குழாய்த் தண்ணீரையும் அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள். பார்க்கவேண்டிய இடம் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் உள்ள குழாய் இல்லை, கடைசித் தெருவின் கடைசிக் குழாய். அங்கே, கிருமியைக் கொன்றது போக மிச்சக் குளோரின் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) இருக்க வேண்டும், பேதி பரவும் காலத்தில் 0.5 ஆக ஏற்றச் சொல்வார்கள். குளோரினைக் காட்டும் ஆர்த்தோடொலுடின் மருந்தைச் சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். அதைப் பத்து விநாடிக்குள் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டே நின்றுவிட்டுப் பிறகு பார்த்தால், அழுக்கோடு கலந்து வலுவிழந்த குளோரினும் சேர்ந்து மஞ்சளைக் கூட்டிக் காட்டும். இப்படி இல்லாத குளோரின் இருப்பதாக நோட்டில் ஏறிய ஊர்கள் உண்டு. 30,000 லிட்டர் தொட்டிக்கு, ஆயிரத்துக்கு 4 கிராம் வீதம், 120 கிராம் ப்ளீச்சிங் பவுடர். அதில் 33 சதவீதம் குளோரின் இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு இது. வாய் திறந்த மூட்டையில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த பவுடர் வெறும் சுண்ணாம்புதான். வாளியில் குழைத்து, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி கழித்துத்தான் குழாயைத் திறக்க வேண்டும். இதையெல்லாம் சரியாகச் செய்தும் ஒரு தெருவில் மட்டும் பேதி வந்தால், குழாய் சாக்கடைக்குள் போகும் இடத்தைத் தேட வேண்டும். விட்டு விட்டு வரும் தண்ணீரில், வராத நேரத்தில் குழாய் காலியாகி வெளிநீரை உள்ளே இழுக்கும். வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சுவது அதற்கு உதவிதான்.

உங்கள் மகளுக்கு. விருந்து விசாரணை எப்போதோ வருவது, நாள்தோறும் உள்ள வேலை மேசையில்தான். கிராம சுகாதார செவிலியர் பார்த்த அறிகுறிக்கு எஸ் படிவம், டாக்டர் சந்தேகித்ததற்கு பி படிவம், லேப் உறுதி செய்ததற்கு எல் படிவம், மூன்றும் கணினியில் வந்து விழும். இதில் பூஜ்யம் என்று எழுதியதும் எதுவுமே எழுதாததும் ஒன்றல்ல. யாருக்கும் காய்ச்சல் இல்லையா, அல்லது எழுதுகிற அக்கா லீவா என்று போன் போட்டுக் கேட்கத் தெரிய வேண்டும். எண்ணிக்கை திடீரென ஏறினால் பதறக்கூடாது, புதிதாக லேப் ஏதும் டெஸ்ட் தொடங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மதுரைக்கே உரிய தொல்லை ஒன்று, முகவரி. அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு தேனி, ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கைக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள். படிவத்தில் மதுரை செல்லூரில் உள்ள அத்தை வீட்டு முகவரி இருக்கும். டெங்கு என்றால் செல்லூருக்குப் புகைமருந்து வண்டி போய்விடும். கடித்த கொசு பரமக்குடியில் இருக்கும். காய்ச்சல் வருவதற்கு முந்தைய இரண்டு வாரம் எங்கே இருந்தார், பகலில் எங்கே இருந்தார் என்று கேட்காமல் எந்தத் தெருவுக்கும் வண்டி அனுப்பக்கூடாது. டெங்குக் கொசு பகலில் கடிப்பது, ஆகவே பள்ளிக்கூடத் தொட்டியும் பட்டறையும் வீட்டைப் போலவே முக்கியம். புகை பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், தொட்டியில் உள்ள புழு அடுத்த வாரம் பறக்கும்.

எக்செல் நன்றாகத் தெரிந்திருக்கட்டும். நோய்க் கணக்குப் போடும் எபி இன்ஃபோ மென்பொருள் இலவசம், அதையும் பழகட்டும். சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தில் களப் பயிற்சி உள்ள படிப்பு இருக்கிறது, கிடைத்தால் விடவேண்டாம். மாவட்டப் பதவிகள் பல ஒப்பந்த வேலை என்பதையும் தெரிந்துகொண்டு வரட்டும். நோய் வராத வருடத்தில் இந்த ஆள் எதற்கு என்று கேட்பார்கள்.

சமையல்காரர் விஷயம். தாராளமாக அவரையே கூப்பிடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கறியும் கெடவில்லை, கையும் கெடவில்லை, காலை 6-க்கும் மதியம் 2-க்கும் நடுவில் உள்ள எட்டு மணி நேரம்தான் கெட்டது. நான் சொன்ன பெர்ஃப்ரிஞ்சன்ஸ் கிருமியின் வித்து கொதியில் சாகாது. குழம்பு கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும் முளைத்து, ஏறக்குறைய 45 டிகிரியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரு மணி நேரத்தில் ஒன்று அறுபத்து நான்காகும், இரண்டு மணியில் நாலாயிரம். மூடிவைத்த பெரிய அண்டாவின் நடுப்பகுதி அந்தச் சூட்டிலேயே மணிக்கணக்கில் நிற்கும். காதுகுத்துக்கு இரண்டு வழி சொல்லுங்கள்: பந்திக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இறக்கும்படி அடுப்பு மூட்டட்டும். இல்லை, சீக்கிரம் இறக்கியாக வேண்டும் என்றால் அண்டாவுக்கு அடியில் தணல் அணையாமல், ஆவி பறந்துகொண்டே இருக்கட்டும். ஆறிப்போனால் ஓரம் சலசலத்ததும் இறக்காமல், அடிவரை துழாவி நடுவும் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். தாய்மாமன் வரத் தாமதமானால் அடுப்புக்காரருக்கு ஒரு போன் போட ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.