எதிரில் ஆள் இருக்கும்போது ஃபோனை ஏன் தள்ளி வைக்க வேண்டும்?

பேசும்போது ஃபோன் சும்மா பக்கத்தில் கிடந்தால் என்ன குறைந்துவிடும் என்பதுதான் கேள்வி.

எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு ஃபோனைப் பார்ப்பதற்கு 'ஃபப்பிங்' என்று பெயர். 2012-இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய சொல். சொல் புதுசு, பழக்கம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

நம் கவனம் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் முழுதாக நிற்காது, மாறி மாறித்தான் ஓடும். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் பேச்சில் ஒரு துண்டு விட்டுப்போகும். கம்பம்மெட்டு மாதிரி எல்லையில் நின்று பேசியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஃபோன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் தாவிக்கொண்டே இருந்தால் குரல் விட்டு விட்டுக் கேட்கும், சார்ஜும் சீக்கிரம் இறங்கும். மனசும் அப்படித்தான்.

ஏலத்தோட்ட வேலை முடிந்து ஜீப்பில் வந்து இறங்கிய அம்மாவிடம் பிள்ளை கணக்கு நோட்டை நீட்டுகிறது. "ம்ம்" என்கிறாள், கட்டைவிரல் திரையில் நகர்கிறது. பிள்ளை நோட்டை மூடிக்கொண்டு போய்விடுகிறது. அந்த அம்மாவுக்குப் பாசம் இல்லாமலா? பகலெல்லாம் உழைத்த அலுப்பு. ஆனாலும் அந்த வெறும் "ம்ம்" பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் சாப்பாடு முடியும்வரை எல்லா ஃபோனும் அடுப்படி அலமாரியில்தான். அவசரம் என்றால் மணி கேட்கும், எழுந்து போவோம்.

அப்புறம், சைலன்ட்டில் போட்டுக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட சோதனையில், அப்படி மேஜைமேல் வைத்தவர்களைவிட வேறு அறையில் வைத்தவர்களே கவனத் தேர்வை நன்றாகச் செய்தார்கள்.