5க²ச − 3(க + ச) + க/4 − 7: இந்தக் கோவையில் எத்தனை உறுப்புகள்? நான்கா, ஐந்தா?

எழுதியிருக்கிறபடி எண்ணினால் நான்கு: 5க²ச, −3(க + ச), க/4, −7.

ஐந்து என்பவர் அடைப்பைப் பிரித்துவிட்டு எண்ணியிருப்பார். அவர் வழிக்குப் பிறகு வருகிறேன். மூன்று என்று சொல்பவர்களும் உண்டு, −7-ல் எழுத்தே இல்லையே என்று அதை விட்டுவிடுவார்கள். அது தவறுதான். மாறிலியும் ஓர் உறுப்பு.

உறுப்புகளைப் பிரிப்பவை கூட்டல், கழித்தல் குறிகள் மட்டுமே. பெருக்கலும் வகுத்தலும் பிரிக்காது. 5, க², ச மூன்றும் ஒரே உறுப்பின் காரணிகள். குறி தனக்குப் பின்னால் வரும் உறுப்போடு போகும், அதனால் கடைசி உறுப்பு 7 அல்ல, −7.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது அடைப்புக்குறி, வர்க்கமூலக் குறி, பின்னக்கோடு இவற்றுக்குள் அடங்கியதையெல்லாம் விரலால் மூடச் சொல்வேன். மூடிய பிறகும் வெளியே தெரியும் கூட்டல், கழித்தல் குறிகள்தான் கணக்கில் சேரும். √(க + 9) ஓர் உறுப்பு. (க + ச)/2 என்பதும் அப்படியே.

இப்போது முதலில் எழுதிய கோவையின் அடைப்பைப் பிரியுங்கள்: 5க²ச − 3க − 3ச + க/4 − 7. ஐந்தாகிவிட்டது. இதில் −3க, க/4 இரண்டும் ஒத்த உறுப்புகள், அதாவது எழுத்தும் அதன் அடுக்கும் ஒன்றாக இருப்பவை; சேர்த்தால் −11க/4. கோவை 5க²ச − 11க/4 − 3ச − 7 ஆகிறது. மறுபடி நான்கு! ஆனால் முதலில் இருந்த அதே நான்கு அல்ல. க, ச-க்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும் மூன்று வடிவங்களும் ஒரே விடையைத்தான் தரும். உறுப்புகளின் எண்ணிக்கை மட்டும் வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது.

(க + ச)(க − ச) இன்னும் வேடிக்கை. உள்ளபடி ஒன்று, விரித்தால் நான்கு, நடுவில் −கச, +கச அடிபட்டுப் போனதும் இரண்டு.

ஒத்த உறுப்பா என்று பார்க்கும்போது எழுத்துகளின் வரிசை முக்கியமில்லை, அடுக்குதான் முக்கியம். 3கச, 2சக சேரும். 3க²ச, 3கச² சேராது.

ஈருறுப்புக் கோவை, மூவுறுப்புக் கோவை என்று பெயர் வைப்பது மட்டும் சுருக்கிய பிறகுதான். க + 2க + 3 பார்க்க மூன்று போலிருந்தாலும் 3க + 3 என்கிற ஈருறுப்புக் கோவையே. தேர்வில் ‘சுருக்குக’ என்று கேட்காமல் உறுப்புகளை மட்டும் கேட்டால் எதையும் பிரிக்காமல் எண்ணுங்கள். வினாவை இப்படி அரைகுறையாக விடுவது கேட்பவர் குறை என்பேன், ஆனால் மதிப்பெண் போவது உங்களுக்கு.