ஒரு பில்லியன் எத்தனை கோடி? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

உலகப் பணக்காரர் பட்டியல்கள் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த வாரம் பதில். தலைப்புக் கேள்விக்கு முதலில்: ஒரு பில்லியன் என்பது நூறு கோடி. ஒரு வேண்டுகோள்: பத்திரிகை நறுக்கை அனுப்பும்போது தேதி இருக்கும் ஓரத்தை வெட்டி எறிந்துவிடாதீர்கள். எந்த நாள், யார் போட்ட கணக்கு என்று தெரியாத சொத்து மதிப்பைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

2025 செப்டம்பரில் ஒரே நாளில் ‘லாரி எலிசன் முதலிடம்’ என்று ஒரு செய்தி, ‘எலான் மஸ்க்கே முதலிடம்’ என்று இன்னொரு செய்தி. எது பொய்? – மதுரை

எதுவும் பொய்யில்லை. செப்டம்பர் 10 அன்று எலிசனின் ஆரக்கிள் நிறுவனப் பங்கு 36 சதவீதம் ஏறி முடிந்தது. ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் கணக்குப்படி எலிசன் 390 பில்லியன் டாலர் அளவைத் தொட்டு, சில மணி நேரம் மஸ்க்கை முந்தினார். சந்தை மூடும்போது மஸ்க் நூலிழையில் முன்னே வந்துவிட்டார். ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் கணக்கிலோ அவர் முதலிடத்தை இழக்கவே இல்லை. டெஸ்லா பங்கின் விலை எல்லாருக்கும் ஒன்றுதான். சந்தைக்கு வராத நிறுவனங்களுக்கு என்ன விலை வைப்பது, டெஸ்லாவின் 2018 ஊதியத் திட்டத்தில் மஸ்க்குக்குக் கிடைத்த பங்குரிமைகளை (குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமைகளை) எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு. அமெரிக்காவின் டெலவேர் மாநில நீதிமன்றம் 2024 ஜனவரியில் அந்தத் திட்டத்தை ரத்து செய்த பிறகு ஃபோர்ப்ஸ் அந்த உரிமைகளுக்குப் பாதி மதிப்புத்தான் போட்டது. எனவே எந்த நாள், யார் கணக்கு என்று பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

மஸ்க்கின் சொத்து 34,200 கோடி ரூபாய் என்கிறார்களே, அது நம் ஊர்ப் பெரிய குழுமங்களைவிடக் குறைவாயிற்றே? – நாமக்கல்

டாலரை ரூபாயாக்க மறந்துவிட்டீர்கள். 342 பில்லியன் என்பது ஃபோர்ப்ஸின் 2025 ஆண்டுப் பட்டியலில் உள்ள மதிப்பு. அது 34,200 கோடி டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் சுமார் 29 லட்சம் கோடி ரூபாய். பெருக்கிப் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் தபால் செலவு மிச்சமாகியிருக்கும்.

அவ்வளவு பணத்தை எந்த வங்கியில் வைத்திருப்பார்கள்? – சிவகாசி

பணம் இல்லை ஐயா, பங்கு.

இத்தனை பெரிய குழுமத்தை நடத்திய ரத்தன் டாடா ஏன் எந்தப் பட்டியலிலும் முன்வரிசையில் வரவில்லை? – திருநெல்வேலி

நடத்துவது வேறு, சொந்தமாக வைத்திருப்பது வேறு. குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸின் மூன்றில் இரண்டு பங்கு டாடா அறக்கட்டளைகளுடையது. ரத்தன் டாடாவின் பெயரில் இருந்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்த சொத்தைப் பட்டியல்காரர்கள் தனிமனிதர் கணக்கில் எழுதுவதில்லை.

பட்டியலில் வருவது வெளியே தெரிந்த சொத்து மட்டும்தானே? பெரிய பணக்காரர்கள் பாதியை மறைத்துத்தானே வைத்திருப்பார்கள்? – கோயம்புத்தூர்

பத்துக் கடிதம் வந்தால் எட்டில் இந்த ‘மறைத்து’ வந்துவிடுகிறது. மறைப்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இல்லாததை இருப்பதாகக் காட்ட முண்டியடிப்பவர்களைப் பற்றி யாருமே கேட்பதில்லை. பட்டியலில் பெயர் வந்துவிட்டால் வங்கி மேலாளர் எழுந்து நின்று வரவேற்கிறார், கூட்டாளிகள் தேடி வருகிறார்கள். பிறகு ஏன் மறைக்க வேண்டும்?

டொனால்ட் டிரம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ப்ஸ் 1982-இல் வெளியிட்ட முதல் அமெரிக்கப் பட்டியலில் அவருக்கு 100 மில்லியன் டாலர் என்று போட்டார்கள். உண்மையில் 5 மில்லியன்கூட இருந்திருக்காது என்று அந்தப் பட்டியலுக்காக உழைத்த நிருபர் ஜோனதன் கிரீன்பெர்க் 2018-இல் எழுதினார். 1984-இல் ‘ஜான் பாரன்’ என்ற பெயரில் ஓர் ‘அதிகாரி’ தொலைபேசியில் பேசி, அப்பாவின் சொத்தெல்லாம் மகன் கைக்கு வந்துவிட்டது என்று அடித்துச் சொன்ன ஒலிப்பதிவையும் வெளியிட்டார். பேசியது டிரம்ப்பேதான் என்பது அவர் குற்றச்சாட்டு.

பின்னாளில் டிரம்ப் டவரில் இருக்கும் அவருடைய சொந்த வீட்டுக் கதை வெளிவந்தது. வீட்டின் பரப்பு சுமார் 11,000 சதுர அடி. நிதி அறிக்கையில் 30,000 சதுர அடி என்று எழுதி, 327 மில்லியன் டாலர் மதிப்புக் காட்டினார்கள். 2017-இல் ஃபோர்ப்ஸ் இதை எழுதிய பிறகு மதிப்பு மளமளவென்று மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. இது நியூயார்க் நீதிமன்றம் வரை போனது. 2024-இல் விதித்த பெரிய அபராதத்தை மேல்முறையீட்டில் 2025 ஆகஸ்டில் ரத்து செய்துவிட்டார்கள். சதுர அடி மட்டும் கூடவில்லை.

சவுதி இளவரசர் அல்வலீத் இன்னும் ஒரு படி மேலே போனார். 2013-இல் ஃபோர்ப்ஸ் அவருக்கு 20 பில்லியன் டாலர் போட்டது. தனக்கு 30 பில்லியனை ஒட்டி இருக்கிறது என்று கோபித்துக்கொண்டு உறவை முறித்து, லண்டனில் வழக்குப் போட்டார். 2015-இல் சமரசமாகத்தான் முடிந்தது. அவருடைய கிங்டம் ஹோல்டிங் நிறுவனத்தின் பங்கு, பட்டியல் தயாராகும் வாரங்களில் ஏறும் வழக்கத்தை ஃபோர்ப்ஸ் சுட்டிக்காட்டியிருந்தது. அதனால்தான் சந்தை விலையை விட்டுவிட்டு, நிறுவனத்தின் கையிலிருந்த சொத்துகளுக்குத் தனித்தனியாக விலை போட்டார்கள்.

‘குறைத்துப் போட்டுவிட்டார்கள்’ என்று ஒருவர் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார். இனியாவது ‘மறைத்து’ என்று ஆரம்பிக்கும் கடிதங்கள் குறையட்டும்.

2023-இல் அதானி இழந்த பணம் யாருக்குப் போனது? – திருச்சி

யாருக்கும் போகவில்லை. ஜனவரி 24 அன்று அதானி குழுமத்தின் மீது குற்றம்சாட்டி அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஹிண்டன்பர்க்கின் அறிக்கை வந்தபோது அவருடைய மதிப்பு 120 பில்லியன் டாலர் வாக்கில் இருந்தது. ஒரு மாதத்தில் பாதிக்கும் கீழே போனது. கையிலிருந்த பங்கின் எண்ணிக்கை அநேகமாக அப்படியேதான் இருந்தது, சரிந்தது விலை. மஸ்க்கும் 2021 நவம்பருக்கும் 2023 ஜனவரிக்கும் இடையில் இப்படித்தான் 180 பில்லியனை ‘இழந்தார்’. கின்னஸ் பதிவிலேயே ஏறியது. தேதியைப் பாருங்கள் என்று நான் புலம்புவது இதற்காகத்தான்.

குழுமத்தின் கடனைக் கழிப்பார்களா? – அதே திருச்சி வாசகர்

நிறுவனத்தின் கடன் பங்கு விலையிலேயே கழிந்துவிடும். உரிமையாளர் தன் பெயரில் வாங்கிய கடன், பங்கை அடமானம் வைத்து வாங்கிய கடன் ஆகியவை தெரிந்த அளவுக்குக் கழிக்கப்படும்.

மாலி நாட்டு மன்னர் மான்சா மூசாவின் சொத்து 400 பில்லியன் டாலராமே? – கும்பகோணம்

அது 2012-இல் ஓர் இணையதளம் போட்ட எண். பதினான்காம் நூற்றாண்டு மன்னரின் கருவூலக் கணக்கு யாரிடமும் இல்லை. குபேரனைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான்.

பிரிட்டன் அரச குடும்பம், புருனே சுல்தான் எல்லாம் எங்கே? – காரைக்குடி

பதவியால் வந்த சொத்தை ஃபோர்ப்ஸ் பில்லியனர் பட்டியலில் சேர்ப்பதில்லை. லண்டன் பத்திரிகையான சண்டே டைம்ஸ் 1989-இல் அப்போதைய அரசி எலிசபெத்தைச் சேர்த்து முதலிடமும் கொடுத்தது. அரச ஓவியங்களையும் அவர் கணக்கில் எழுதியதுதான் காரணம். அவற்றை அரசி விற்க முடியாது என்று ஆட்சேபம் எழுந்தபின் கணக்கை மாற்றிக்கொண்டது.

ஷிவ் நாடார் பணக்காரரா, அவர் மகளா? பட்டியலுக்குப் பட்டியல் மாறுகிறதே! – தூத்துக்குடி

உங்கள் மாவட்டக்காரர் என்ற அக்கறை புரிகிறது. ஷிவ் நாடார் 2025 மார்ச்சில் ஹெச்சிஎல் குழுமத்தின் தாய் நிறுவனங்களில் 47 சதவீதத்தை மகள் ரோஷ்ணிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். பணக்காரர் பட்டியல் போடும் இன்னொரு நிறுவனமான ஹுருன் மகளை எடுத்துக்கொண்டது. ஃபோர்ப்ஸ் அந்த ஆண்டுப் பட்டியலில் தந்தையையே வைத்திருந்தது. பங்குகள் அவைதான், எந்தப் பெயரில் எழுதுவது என்பதில்தான் வித்தியாசம்.

என் மச்சினர் தொடங்கிய நிறுவனத்துக்கு முதலீட்டாளர்கள் 1,000 கோடி மதிப்புப் போட்டிருக்கிறார்கள். அவருக்கு 40 சதவீதம். அப்படியானால் அவர் 400 கோடிக்கு அதிபதிதானே? – ஓசூர்

அவசரப்படாதீர்கள். சந்தைக்கு வராத நிறுவனத்துக்கு விலை போடும்போது, அதே தொழிலில் சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் வருவாயைப் போல எத்தனை மடங்குக்கு விலைபோகின்றன என்று பார்த்து, அந்த மடங்கால் பெருக்கி, நினைத்தவுடன் விற்க முடியாது என்பதற்காக ஐந்து, பத்து சதவீதம் குறைப்பார்கள். வருவாய் 100 கோடி என்றால் ஆறு மடங்கில் 600 கோடி, பத்து மடங்கில் 1,000 கோடி. கம்பெனி அதேதான்.

இதைவிட முக்கியமானது, யாரிடம் எந்த வகைப் பங்கு என்பது. அமெரிக்க ரத்தப் பரிசோதனை நிறுவனமான தெரானோஸுக்கு 9 பில்லியன் டாலர் மதிப்பு என்று சொன்ன நாளில், அதில் பாதியை வைத்திருந்த நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸுக்கு ஃபோர்ப்ஸ் நாலரை பில்லியன் போட்டது. 2016 ஜூனில் நிறுவனத்தின் மதிப்பை 800 மில்லியனாகக் குறைத்தார்கள். அவருக்கு 400 மில்லியனாவது மிஞ்சும் என்றுதானே நினைப்பீர்கள்? பூஜ்யம் என்று எழுதினார்கள். முதலீட்டாளர்களிடம் இருந்தது முன்னுரிமைப் பங்கு. கொட்டிய 700 மில்லியனுக்கும் மேற்பட்ட பணத்தை அவர்கள்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். ஹோம்ஸிடம் இருந்தது சாதாரணப் பங்கு.

மச்சினரின் ஒப்பந்தத்தை வாங்கி, நிறுவனம் விலைபோனால் யாருக்கு முதலில் பணம் என்ற பக்கத்தைப் படியுங்கள். முதலீட்டாளர்களுக்கு அப்படி முன்னுரிமை இருந்து அவர்கள் அதைக் கேட்டால், அந்தத் தொகையைக் கழித்தபின் மிஞ்சுவதில்தான் அவருக்குப் பங்கு.