பூண்டு உரிக்கிற கை

அன்புள்ள ஐயா,

பெருமாள்மலையில் இருக்கிறோம். மகளுக்கு மூன்றரை வயது. மூன்று வாரமாக மழையும் மேகமும், வெளியே விட முடியவில்லை. வீட்டிலேயே விளையாட்டோடு படிப்பும் வரட்டும் என்று அட்டவணை போட்டேன். கலர் அரிசி, ஒட்டுவேலை, பிரின்ட் எடுத்த எழுத்துத் தாள் எல்லாம் செய்து வைத்தேன். எதிலும் ஐந்து நிமிடம் உட்காரமாட்டேன் என்கிறாள், பென்சிலைத் தொடுவதே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் அ முதல் ஃ வரை எழுதுகிறான். நான் சமைக்கப் போனால் மட்டும் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டாள். ஒரு வாரத்துக்கு என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் தருவீர்களா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டியல் தரமாட்டேன். பக்கத்து வீட்டுப் பையனையும் விடுங்கள், அவன் எழுதட்டும்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். சமைக்கும்போது வந்து காலைக் கட்டிக்கொள்கிறாள். குழந்தை வேலை நடக்கிற இடத்துக்கு வருகிறாள். நீங்களோ அவளைக் கூடத்துக்குத் துரத்தி, தின்கிற அரிசியில் சாயம் ஏற்றிக் கொடுத்து, இதை வைத்து விளையாடு என்கிறீர்கள். அவள் ஏன் உட்கார வேண்டும்? அந்த அரிசி யாருக்கும் வேண்டாதது என்று அவளுக்குத் தெரியும்.

நான் சிறுவயதில் வளர்ந்தது பூம்பாறை மலைக் கிராமத்தில், ஆத்தா வீட்டில். மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பேசியது, எனக்கு அடுப்படிதான் ஞாபகம் வந்தது. பூண்டைத் தண்டோடு கட்டுக்கட்டாக முடிந்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருப்பார்கள், புகை படப்படத் தோல் பழுப்பாகிவிடும். மழை நாளில் ஆத்தா ஒரு கட்டை இறக்கி முறத்தில் போட்டு, பெரிய பல் விதைக்கு, சின்னது குழம்புக்கு, பிரித்து வை என்பாள். எனக்கு நாலு வயசு இருக்கும். பல்லின் அடிப்பக்கம் இருக்கிற காய்ந்த தட்டை நகத்தால் கிள்ளி, ஒரு முனையில் அழுத்தி, மெல்லிய சவ்வு கிழியாமல் உரிக்க வேண்டும். முதல் பத்துப் பல் நசுங்கிப் போகும். ஆத்தா அதையும் குழம்பில் போட்டாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி கையை மோந்து பார்த்துக்கொண்டே தூங்கினேன்.

அந்தக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் பிறகு பென்சிலைப் பிடித்தன. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு, பிறகு வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாக இறுகும். மூன்றரை வயதில் பாதிகூட முழுசாக இறுகியிருக்காது. அந்தக் கையில் எழுத்துத் தாளைத் திணித்துவிட்டு, எழுதமாட்டேன் என்கிறாளே என்று குறைப்படுவது சரியில்லை அம்மா. கோபமாகத்தான் சொல்கிறேன். அந்தத் தாள்களை இன்றைக்கே அடுப்பில் போடுங்கள்.

இதைப் புதிதாக நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. 1907இல் ரோம் நகரத்து ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி, பொம்மையையும் நிஜ வேலையையும் பக்கத்தில் வைத்தால் குழந்தை வேலைக்குத்தான் போகிறது என்று பார்த்துச் சொன்னவர். தண்ணீர் ஊற்றுவது, பெருக்குவது, பொத்தான் போடுவது, இவைதான் அவருடைய முதல் பாடங்கள். இந்தியாவுக்கு வந்திருந்தபோது இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிரி நாடாகிவிட, ஊருக்குத் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கினார். 1942இலிருந்து 1944 வரை அவர் இருந்தது எங்கே தெரியுமா? உங்களுக்குப் பக்கத்தில், கொடைக்கானலில்! அவர் பெயரைப் போட்டு மர விளையாட்டுச் சாமான் பெட்டிகளை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்காதீர்கள். உங்கள் அடுப்படியில் எல்லாம் இருக்கிறது.

அதனால் நாளைக்கு அட்டவணை வேண்டாம். பூண்டைக் கொடுங்கள், அப்புறம் பட்டாணித் தோல் உரிக்கட்டும். மழையில் காயாமல் கிடக்கிற சாக்ஸை ஜோடி சேர்த்து, கொடியில் கிளிப் மாட்டட்டும். கணக்கும் அதிலேயே இருக்கிறது, விரலுக்கு வலுவும் வரும். தாம்பாளத்தில் வைத்து ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குக் கேழ்வரகை ஊற்றட்டும், சிந்தினால் அவளே கூட்டட்டும். உங்களுக்குச் சமையல் அரை மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

ஒன்று மட்டும். பட்டாணி, புளியங்கொட்டை எதைக் கொடுத்தாலும் பக்கத்தைவிட்டு எழுந்திருக்காதீர்கள். என் தம்பி பட்டாணியை மூக்குக்குள் விட்டுக்கொண்டான். வீட்டிலேயே நோண்டப் பார்த்தார்கள், அது உள்ளே போய் ஊறிப் பெருத்துவிட்டது. மேகத்துக்குள் ஜீப்பில் கொடைக்கானல் ஆஸ்பத்திரி போகிறவரை அம்மா அழுதுகொண்டே வந்தாள். அப்படி ஆனால் நோண்டவே கூடாது, நேரே டாக்டர்தான். கைக்குழந்தை யாராவது வீட்டுக்கு வந்தால் இதெல்லாம் பரணுக்குப் போய்விட வேண்டும்.

மழை விட்டதும் யூகலிப்டஸ் மரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். கீழே கிடக்கிற காயைப் பம்பரம் மாதிரி விரலால் சுழற்றக் காட்டுங்கள். அதே இரண்டு விரல்தான்.