ஹெல்த் ஸ்க்ரீனிங்கில் ஆர்எஃப் 38 என்று வந்தால் முடக்குவாதமா?

நீங்கள் கொடுத்த விவரம் இவ்வளவுதான்: அம்மாவுக்கு 58 வயது. பேக்கேஜ் பரிசோதனையில் ஆர்எஃப் (ருமட்டாய்டு ஃபேக்டர்) என்ற ரத்தப் பரிசோதனை 38, பக்கத்திலேயே '14-க்குக் கீழ்' என்று வரம்பு. விரல்களில் வீக்கம் இல்லை, படியேறினால் முழங்கால் வலிக்கிறது. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் முடக்குவாதம் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இல்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். மூட்டு வீக்கம் இல்லாதவருக்கு ஆர்எஃப் எடுத்ததே தேவையில்லாத வேலை என்பேன். பேக்கேஜ் பட்டியலில் ஒரு பரிசோதனை கூடுகிறது, வீட்டில் தூக்கம் போகிறது.

எதிரணு என்பது கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம். ஆர்எஃப் என்பது நம் உடலின் ஐஜிஜி என்ற வகை எதிரணுக்களின் வால்பகுதியையே பிடித்துக்கொள்ளும் இன்னொரு எதிரணு. முடக்குவாதத்தில் மட்டும் வருவதல்ல. ஹெபடைட்டிஸ் சி, காசநோய், இதய வால்வில் கிருமித்தொற்று, கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோக்ரென் நோய் எல்லாவற்றிலும் ஏறும். வயது கூடக்கூட நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிடமும் கொஞ்சம் இருக்கும். ஒரு கணக்குப் போடுங்கள். 1000 பேரில் 10 பேருக்கு முடக்குவாதம் என்று வைத்தால், ஆர்எஃப் அவர்களில் ஏறக்குறைய 7 பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் 5 சதவீதத்துக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டினாலே அது 50 பேர். ஆக, பாசிட்டிவ் என்று பதறும் 57 பேரில் நோய் இருப்பது 7 பேருக்குத்தான்.

முடக்குவாதத்துக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆன்டி-சிசிபி இதைவிட நம்பகமானது. புரதத்திலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை ஒரு நொதி சிட்ருலினாக மாற்றும்போது, அந்த மாறிய புரதத்தை எதிரியாக நினைத்து உருவாகும் எதிரணு இது. நோய் இல்லாத 100 பேரில் சுமார் 95 பேருக்கு நெகட்டிவ் என்று சரியாகவே சொல்லும். ஆனால் நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரைத் தவறவிடும். அதனால் வீங்கிய மூட்டோடு நெகட்டிவ் வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகக்கூடாது. இரண்டு எதிரணுவும் இல்லாமலேயே முடக்குவாதம் வரும். மறுபக்கம், வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆன்டி-சிசிபி ரத்தத்தில் தலைகாட்டுவதும் உண்டு. புகைபிடிப்பவர்களிடம், குறிப்பாக மரபுவழியிலும் அதற்கு இடம் இருந்தால், இது அதிகம்.

முடக்குவாதம் என்று வகைப்படுத்த, 2010-இல் வெளியான அமெரிக்க-ஐரோப்பிய அளவுகோலில் 10-க்கு 6 புள்ளி தேவை. எதிரணுக்களுக்கு அதிகபட்சம் 3 புள்ளி: வரம்பைத் தாண்டியிருந்தால் 2, வரம்பின் மூன்று மடங்கையும் தாண்டினால் 3. அம்மாவுக்கு வரம்பு 14, மூன்று மடங்கு 42. 38 அதற்குள் அடங்குவதால் 2 புள்ளிதான். அதைவிட முக்கியம், ஒரு மூட்டாவது வீங்கியிருப்பதை மருத்துவர் கண்டால்தான் இந்த எண்ணிக்கையே தொடங்கும். வேறு ஆய்வகத்தில் வரம்பு 20 என்று இருக்கலாம். ஆகவே எண்ணை மட்டும் ஒப்பிடாமல் அவரவர் வரம்போடு சேர்த்துப் பாருங்கள். ஆன்டி-சிசிபியில் இது இன்னும் முக்கியம். ஆய்வகம் பயன்படுத்தும் பரிசோதனைக் கிட் மாறினால் எண்ணும் மாறும்.

வீட்டில் செய்யக்கூடியது: காலையில் எழுந்ததும் அம்மாவை இரு கைகளையும் இறுக மூடச் சொல்லுங்கள். முழுசாக மூட முடியவில்லையா, விறைப்பு விலக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறதா என்று பாருங்கள். பிறகு கை குலுக்குவதுபோல விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்களைப் பக்கவாட்டில் மெதுவாக அழுத்துங்கள். அங்கே வலித்தால், தொட்டால் பஞ்சுபோல வீக்கம் தெரிந்தால், தாமதிக்காமல் பலதுறை மருந்தகத்துக்கு (சிங்கப்பூரின் பாலிகிளினிக்) போங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மருத்துவமனையின் வாதநோய் நிபுணரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். நகத்துக்கு அடுத்த கணு மட்டும் கட்டியாகப் புடைத்திருந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். படியில் வலிக்கும் முழங்காலும் அந்த வகையாகவே இருக்கக்கூடும்.

அப்படி ரத்தம் எடுக்க நேர்ந்தால் ஆன்டி-சிசிபி, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி, இஎஸ்ஆர், அதோடு ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவற்றைச் சேர்த்தே கேளுங்கள். பின்னால் முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் தொடங்க நேர்ந்தால் ஹெபடைட்டிஸ் முடிவு எப்படியும் வேண்டும். இவற்றுக்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். ஊருக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பியிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சிக்குன்குனியா பல மாதம் மூட்டை வீங்கவைத்து அப்படியே முடக்குவாதம் போலக் காட்டும். முடி, நகத்துக்கான பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லிவிட்டு, மருத்துவரைக் கேட்டு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சில இயந்திரங்களில் அது முடிவைத் திரித்துவிடும்.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. ஆர்எஃப் மிக அதிகமாக இருந்தால் அது தைராய்டு, ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டுவது) போன்ற வேறு பரிசோதனைகளிலும் குறுக்கிடலாம். அந்தப் பரிசோதனைக் கிட்டில் உள்ள இரண்டு எதிரணுக்களை இதுவே பாலம்போட்டு இணைத்து, இல்லாததை இருப்பதாகக் காட்டிவிடும். உடம்போடு ஒத்துப்போகாத முடிவு ஏதாவது வந்தால் 'ஆர்எஃப் அதிகம்' என்று மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

அம்மாவுக்கு வீக்கமே இல்லை என்றால் ஆர்எஃபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுப்பதில் பயனில்லை. நோய் உறுதியானவர்களுக்கும் அப்படித்தான்: மருந்து வேலை செய்கிறதா என்பதை வீங்கிய மூட்டுகளை எண்ணியும், சிஆர்பி, இஎஸ்ஆர் பார்த்தும் முடிவு செய்வார்கள். ஆன்டி-சிசிபி 250-இலிருந்து 230 ஆனதா என்று ஹெல்த்ஹப் செயலியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.