99 சதவீதம் வெற்றி என்று சொல்லும் ஆஸ்பத்திரியை நம்பலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. பல வருடமாகச் சர்க்கரை உண்டு. இப்போது மலக்குடலில் புற்றுநோய், ஆசனவாய்க்குச் சற்று மேலே. ஓர் ஆஸ்பத்திரியில் “எங்களிடம் 99 சதவீதம் வெற்றி, மலம் சேர வயிற்றில் பை வைக்கவே மாட்டோம்” என்கிறார்கள். இன்னொரு டாக்டரோ, “நூறு பேரில் ஐம்பது, அறுபது பேருக்குத்தான் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் முடியும், கொஞ்ச நாளைக்குப் பை தேவைப்படலாம்” என்கிறார். எங்களுக்கு ஆஸ்பத்திரி பார்த்துத் தர உதவும் ஒருங்கிணைப்பாளர் முதல் இடத்தைத்தான் சொல்கிறார். யாரை நம்புவது? (சேலம் வாசகி)

பதில்: இரண்டாவது டாக்டரை. ஏன் என்று சொல்கிறேன்.

99 சதவீதம் என்றால் எதில் 99 என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அது உயிரோடு வீடு திரும்பியவர்களின் கணக்கு. முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்யும் இந்த அறுவையில், ஓரளவு ஒழுங்காக நடக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் 97, 98 பேர் பிழைத்துத்தான் வருவார்கள். அந்த எண்ணை வைத்து நல்ல இடம், சுமாரான இடம் என்று பிரிக்கவே முடியாது.

உங்கள் அம்மாவுக்கு வேண்டியது உயிர் மட்டும் அல்லவே. கட்டி முழுதாக வெளியே வந்திருக்க வேண்டும். குடலை வெட்டி இணைத்த இடம் கசியக் கூடாது. மறுபடி தியேட்டருக்குள் கொண்டுபோகக் கூடாது. புண் சீழ் பிடிக்கக் கூடாது. முப்பது நாளுக்குள் திரும்பவும் அட்மிட் ஆகக் கூடாது. இவை எல்லாம் ஒரே நோயாளிக்குக் கூடி வந்தால்தான் ஒரு மார்க். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனாலும் பெயில்தான், அந்த மாதிரி. நெதர்லாந்தில் குடல் புற்றுநோய் அறுவைகளை 2009 முதல் நாடு முழுக்கக் கணக்கெடுக்கிறார்கள். அந்தக் கணக்கை வைத்து இப்படிக் கூட்டிப் பார்த்து 2013-ல் வெளியிட்டபோது, எல்லாம் சரியாக அமைந்தவர்கள் கிட்டத்தட்ட பாதிப் பேர்தான். அங்கேயே அப்படி!

கணக்கு போட்டாலே புரிந்துவிடும். ஐந்து விஷயங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியே 95 சதவீதம் சரியாக நடக்கிறது என்று வையுங்கள். ஐந்தும் ஒருவருக்கே சரியாக அமைவது சுமார் 77 பேருக்குத்தான். அதனால் ஐம்பது, அறுபது என்று சொன்ன டாக்டர் திறமை குறைந்தவர் அல்ல. எண்ணிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, 99 எப்படி உருவாகிறது? எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். இணைப்பு கசிந்து, கிருமி ரத்தத்தில் ஏறி, வென்டிலேட்டரில் கிடக்கும் நோயாளியின் மகனை ராத்திரி கூப்பிடுவார்கள். “இனி எங்களால் முடியாது, ஜி.எச்.-க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், இல்லை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்” என்பார்கள். ஆம்புலன்ஸ் ஏற்கெனவே வாசலில் நிற்கும். ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள்: ‘சொந்த விருப்பத்தின் பேரில், மருத்துவ ஆலோசனையை மீறி டிஸ்சார்ஜ்.’ உயிர் போவது வழியிலோ வீட்டிலோ ஜி.எச். வார்டிலோ. அந்த ஆஸ்பத்திரியின் ரெஜிஸ்டரில் சாவு விழாது, ஜி.எச். கணக்கில் விழும். அப்புறம் அரசு மருத்துவமனையில் சாவு அதிகம் என்று நாமே பேசுவோம். எல்லா டிஸ்சார்ஜும் இப்படி என்று சொல்லவில்லை, ஆனால் முப்பதாம் நாள் வரை போன் போட்டு விசாரிக்காதவர் சொல்லும் சதவீதத்துக்கு மதிப்பே இல்லை.

ஒருங்கிணைப்பாளருக்கு வருகிறேன். அவர் உங்களிடம் பணம் கேட்கவில்லையா? அப்படியானால் வேறு யாரோ கொடுக்கிறார்கள். நோயாளியை அனுப்புவதற்கு டாக்டர் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. ஆனால் அந்த விதி டாக்டரைத்தான் கட்டும். நடுவில் நிற்பவரை யார் கேட்பது? ‘பேக்கேஜில் எல்லாம் அடக்கம்’ என்பார். மறுபடி வயிற்றைத் திறந்தால் அது அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள், பேச்சை மாற்றுவார்.

பை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயமே அதில்தான். நெதர்லாந்துக் கணக்கில் பை வைத்தாலே அந்த நோயாளி ‘எல்லாம் சரி’ பட்டியலில் வரமாட்டார். அது மேலே உள்ள பெருங்குடலுக்குப் பொருந்தும். உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. கட்டி கீழே இருந்தால் இணைப்பும் கீழேதான் வரும், கீழே போகப் போகக் கசியும் ஆபத்து கூடும். அதனால் சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றுத் தோலுக்கு வெளியே எடுத்துவைத்து, மலம் இணைப்பின் வழியாகப் போகாமல் பைக்குள் திருப்பிவிடுவோம். தையல் ஆற நேரம் கிடைக்கும். கசிந்தாலும் உயிருக்கு ஆபத்து குறையும். பெரும்பாலும் சில மாதங்களில் உள்ளே வைத்து மூடிவிடலாம். இங்கே பை என்பது முன்யோசனை. ‘பை வைக்கவே மாட்டோம்’ என்று வயிற்றைத் திறக்கும் முன்பே சத்தியம் செய்பவர் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்கிறார். அம்மாவிடம் இதை மறைக்காமல் முன்பே பேசிவிடுங்கள். மயக்கம் தெளிந்து வயிற்றில் பையைப் பார்த்து அதிர்ந்துபோகிறவர்கள் நிறைய.

நம் ஊரில் இந்தக் கணக்கெல்லாம் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரிகளுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் தேசிய வாரியமான என்ஏபிஹெச் கேட்கிறது என்று புண் தொற்று எத்தனை, தியேட்டருக்குத் திரும்பியவர்கள் எத்தனை என்று எண்ணி ஃபைலில் வைக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் யார் எங்கே சேர்ந்தார், எங்கே மறுபடி சேர்ந்தார் என்று கிளெய்மே சொல்லும். ஃபைல் பீரோவில் கிடக்கிறது, வாசகி ஒருங்கிணைப்பாளரிடம் போகிறார். அமெரிக்காவில் இதய அறுவை நிபுணர்களின் சங்கம் பைபாஸ் அறுவைக்கு இறப்பு, பெரிய சிக்கல்கள், ஒட்டுக்குச் சரியான ரத்தக்குழாயை எடுத்தார்களா, சரியான மருந்து கொடுத்தார்களா எல்லாவற்றையும் சேர்த்து மூன்று நட்சத்திரம் வரை கொடுக்கிறது. வெளியிடச் சம்மதித்த ஆஸ்பத்திரிகளின் நட்சத்திரத்தை யாரும் பார்க்கலாம். நமக்கு ஹோர்டிங் போதும் போலிருக்கிறது.

டாக்டரிடம் மூன்று கேள்விகள் போதும். போன வருடம் மலக்குடல் அறுவை எத்தனை செய்தீர்கள்? அதில் எத்தனை பேருக்குக் கசிந்தது, எத்தனை பேரை மறுபடி திறந்தீர்கள்? முப்பது நாள் வரை விசாரித்த கணக்கா? “முப்பது பேருக்குச் செய்தேன், ஒருவருக்கும் கசியவில்லை” என்றால் அசந்துவிடாதீர்கள். உண்மையான ஆபத்து பத்து சதவீதமாக இருந்தாலும் முப்பது பேரில் அதிர்ஷ்டவசமாகத் தப்பிக்க முடியும். கஷ்டமான கேஸ்களை எடுப்பவரின் எண்கள் மோசமாகத்தான் தெரியும், அதையும் மனதில் வையுங்கள்.

அறுவை முடிந்த பிறகு பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை என்று இருக்க வேண்டும். குறைந்தது 12 நிணநீர்க் கணுக்களைப் பார்த்திருக்க வேண்டும். முன்பே கதிர்வீச்சு கொடுத்திருந்தால் எண்ணிக்கை குறையலாம். மருத்துவப் பதிவுகளை நீங்கள் எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதே 2002 விதிதான்.

இப்போதைக்கு எம்ஆர்ஐ சிடியை வாங்கிக்கொண்டு இரண்டாவது டாக்டரிடம் போங்கள். சர்க்கரையை அறுவைக்கு முன் எவ்வளவு இறக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். ஒருங்கிணைப்பாளரை மட்டும் கூட்டிப்போக வேண்டாம்.