மூன்றாவது பேட்டரி வாங்குவதற்கு முன்

கேள்வி: வணக்கம் அண்ணே. என்னுடையது 2008 மாடல், 200 சிசி வண்டி, கிக்கர் கிடையாது. விடியும் முன்னே மல்லிகைப் பூ மூட்டையோடு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் செல்ஃப் எடுக்காமல் "ங்கொர்" என்று இழுத்துவிட்டு நின்றுவிடுகிறது. ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். மெக்கானிக் இப்போது செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள், மோட்டாரும் வேண்டாம், மூன்றாவது பேட்டரியும் வேண்டாம். உங்கள் ஊரில் டிரான்ஸ்பார்மரிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கிற கிணற்று மோட்டார் லோ வோல்டேஜில் உறுமிக்கொண்டே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கரண்ட் கிளம்பும் இடத்தில் சரியாகத்தான் இருக்கிறது, வழியில் தொலைந்து போகிறது. உங்கள் வண்டியிலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

ஹெட்லைட் எடுப்பது 3 ஆம்பியர் சொச்சம். செல்ஃப் மோட்டார் இன்ஜினைத் திருப்பும்போது 100 ஆம்பியர் வரைகூட இழுக்கும். அவ்வளவு கரண்ட் போகிற பாதையில் ஏதோ ஒரு லக் (கேபிள் முனையில் போல்ட் மாட்டுகிற வளையம்) பூத்துப்போய் வெறும் 0.01 ஓம் தடை வந்தாலே 1 வோல்ட் காலி. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போய் எர்த் வழியாகத் திரும்பி வருவதற்குள் இப்படி ஆறேழு இணைப்பு இருக்கும். பதினேழு பதினெட்டு வருட வண்டியில், அதுவும் கண்மாயில் இறக்கிக் கழுவிய வண்டியில், அதில் இரண்டு மூன்று கெட்டுப் போயிருந்தால் ஆச்சரியமில்லை. புது பேட்டரி கொஞ்ச நாள் அந்த இழப்பைத் தாங்கும், லேசாக இறங்கியதும் பழைய கதைதான்.

கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, வண்டி நின்றபடி பேட்டரியை அளந்து பாருங்கள், 12.6 பக்கம் இருந்தால் ஃபுல் சார்ஜ். வீட்டில் யாரையாவது பட்டனை இரண்டு மூன்று நொடி அழுத்தச் சொல்லுங்கள். அப்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான் சரியில்லை, அல்லது மோட்டார் உள்ளே இறுகி அளவுக்கு மீறி இழுக்கிறது. அப்படி விழவில்லை, ஆனால் இன்ஜின் சோம்பலாகத்தான் சுற்றுகிறது என்றால் வயரிங்கைப் பாருங்கள். சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸில் (லக்கில் இல்லை, பேட்டரியின் ஈயத்திலேயே), கறுப்பை மோட்டாரின் போல்ட்டில் வைத்து மறுபடி பட்டனை அழுத்துங்கள். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைகிற வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பட்டனை அழுத்தாதபோது 12 காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ரிலே (பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குக் கரண்ட்டை இணைக்கிற சுவிட்ச்) திறந்திருக்கிறது, அவ்வளவுதான். அடுத்து பேட்டரி மைனஸிலிருந்து மோட்டார் பாடிக்கு. இங்கே 0.2க்கு மேல் போகக் கூடாது. எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் ஒவ்வொரு இணைப்பாக முனையை நகர்த்திக்கொண்டே போனால் கள்ளன் மாட்டிக்கொள்வான்.

என் அனுபவத்தில் பெரும்பாலும் மாட்டுவது எர்த் பக்கம்தான். பிளஸ் கேபிளை எல்லோரும் பார்க்கிறார்கள், எர்த்தை யாரும் பார்ப்பதில்லை. இதை நானே ஒரு தடவை கோட்டை விட்டேன். ஒருவருக்குப் பேட்டரி விற்று, பதினைந்து நாளில் அவர் திரும்பி வந்து நின்றார். பார்த்தால், ஆயுத பூஜைக்கு இன்ஜினுக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கிறார், எர்த் லக்கை அந்தப் பெயின்ட் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாளால் ரூபாய் நாணயம் அளவுக்குச் சுரண்டிவிட்டேன், அவ்வளவுதான் வேலை. பேட்டரிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன், அவர் வாங்கவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

சரி, கேபிள். 16 சதுர மில்லிமீட்டர், மெல்லிய செம்பு இழைகள் நிறைய இருக்கிற வெல்டிங் கேபிள் வகை நன்றாக வளையும், இந்த வேலைக்குப் போதும். கேபிள் மாற்றினாலே வண்டி ராக்கெட் மாதிரி எடுக்கும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒரு மீட்டரில் 100 ஆம்பியருக்கு 0.3 வோல்ட் அளவு தின்னும், 16 என்றால் 0.1. லாபம் இருக்கிறது, ஆனால் அழுக்கேறிய ஒரு லக் இதைவிட அதிகமாகத் தின்றுவிடும். கடையில் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், வேண்டாம். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல், கிரிம்பிங் டூல் இருக்கிற கடையில் கொடுத்து அழுத்தி வாங்குங்கள். அதோடு பேட்டரி மைனஸிலிருந்து மோட்டாரைப் பிடித்திருக்கிற போல்ட்டுக்கே நேராக ஒரு தனி எர்த் கேபிள் போட்டுவிடுங்கள், ஃப்ரேமை நம்ப வேண்டியதில்லை. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். கை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். செல்ஃப் கேபிளில் பொதுவாக ஃபியூஸ் கிடையாது, அதனால் ஃப்ரேமில் உரசுகிற இடத்தில் ரப்பர் குழாய் போட மறக்க வேண்டாம்.

கேள்வி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும் வரை ஸ்டார்ட் ஆகாது, விரலை எடுக்கிற நொடியில் "டப்" என்று பிடித்துக்கொள்கிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது! (மேலூர் வாசகர்)

பதில்: பேயெல்லாம் இல்லை, முதல் கேள்விக்கு இது தங்கச்சிதான். பேட்டரியில் ஓடுகிற சிடிஐ (பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கிற பெட்டி) இருக்கிற வண்டியாக இருக்கும். செல்ஃப் இழுக்கும்போது வோல்டேஜ் இறங்கி சிடிஐக்குப் போதாமல் ஸ்பார்க் செத்துப் போகிறது. விரலை எடுத்ததும் வோல்டேஜ் ஏறுகிறது, இன்ஜின் இன்னும் அரைச் சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது, அந்த ஸ்பார்க்கில் பிடித்துக்கொள்கிறது. பட்டனை அழுத்தியபடி சிடிஐக்கு வருகிற பிளஸ் ஒயரில் அளந்து பாருங்கள். பேட்டரியில் 10 இருக்கும்போது அங்கே 8 தான் என்றால் சாவி சுவிட்ச், கில் சுவிட்ச், கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கிற சொருகி), இந்த மூன்றில் ஒன்று. சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால், சாவி ஒயரை ஒரு சின்ன ரிலேவை இயக்க மட்டும் வைத்துக்கொண்டு சிடிஐக்குப் பேட்டரியிலிருந்தே ஃபியூஸோடு தனி ஒயர் கொடுக்கலாம். பிளக்கையும் ஒரு தடவை மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு.

கேள்வி: பட்டனை அழுத்தினால் "டக்" என்று ஒரே சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. (சோழவந்தான் வாசகர்)

பதில்: ஒரே "டக்" என்றால் ரிலே வேலை செய்கிறது, கரண்ட் மோட்டாருக்குப் போகவில்லை அல்லது மோட்டார் எடுக்கவில்லை. ரிலே காண்டாக்ட் கருகியிருக்கும், இல்லையென்றால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். "டக் டக் டக்" என்று தொடர்ந்து அடித்தால் முதலில் பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்கள்.

கேள்வி: 1988 மாடல் யெஸ்டி வைத்திருக்கிறேன், வயது 66. நாலைந்து தடவை உதைத்தால்தான் எடுக்கிறது, முழங்கால் வலிக்கிறது. செல்ஃப் போட்டுத் தர முடியுமா? (மதுரை வாசகர்)

பதில்: ஐயா, வேண்டாம். கிராங்க் கேஸில் அதற்கு இடமே கிடையாது, வெட்டி ஒட்டினால் மைசூரில் செய்த அந்த நல்ல இன்ஜின் வீணாகும். ஆனால் நாலைந்து உதை கேட்பதும் வயசுக்கோளாறு இல்லை. உங்களுடையது பாயின்ட்டும் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடுகிற காண்டாக்ட்) 6 வோல்ட் பேட்டரியும் இருக்கிற வண்டி என்றால் மேலே சொன்னதெல்லாம் உங்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும், ஏனென்றால் சாவி சுவிட்ச்சில் 1 வோல்ட் தொலைந்தால் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. பாயின்ட்டைச் சுத்தம் செய்து, சாவியை ஆன் செய்து, பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலின் பிளஸ்ஸில் எவ்வளவு வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சுவிட்சையும் எர்த் ஒயரையும் கழற்றித் துடைக்கட்டும். கியர் போடுகிற லீவரையே மடக்கி உதைக்கிற வண்டி வேறு, அந்த ஒரு உதையாவது ஒழுங்காகப் பிடிக்க வேண்டாமா?